சைக்கிள் ஓட்டும் கரடி

“அசையாம நில்லுங்க” என்றாள் அம்சவல்லி. விஜயராஜின் பேண்ட் கால் சைக்கிள் செயினில் மாட்டாமலிருக்க, பழைய புடவைக் கிழிசலால் கணுக்காலில் ஒரு கட்டுப் போட்டாள். “நான் வரையற படம் இன்னைக்கு முடிஞ்சிடும். வந்து பாருங்க.”

சுரங்கத்தில் முதல் ஷிப்ட் முடிந்து அவர் குவார்ட்டர்ஸுக்குத் திரும்பியபோது படம் முடிந்திருந்தது. அதைக் காட்ட அவள் இல்லை. மாரடைப்பு என்றார்கள்.

படத்தில் சர்க்கஸ் நடந்தது. கரடி ஒன்று சைக்கிள் ஓட்டியது. அதன் காலில் ஏதோ கட்டு. சுற்றிலும் தெருக்காரர்கள். பால்காரர்கூட இருந்தார். முன்வரிசையில் அம்சவல்லி, பக்கத்து நாற்காலி காலி. விஜயராஜை மட்டும் எங்கும் காணோம்.

இத்தனை வருஷத்தில் ஒரு சர்க்கஸுக்கு அவளைக் கூட்டிப்போனதில்லை. எப்போதும் ஷிப்ட். அந்தக் கோபத்தில்தான் தன்னை வரையாமல் விட்டுவிட்டாளோ?

பக்கத்து வீட்டு யூனியன்காரர் சோமசுந்தரம் விளக்கினார்: “கரடிதாங்க கான்ட்ராக்ட் தொழிலாளி. கால்ல சங்கிலி பாருங்க. கைதட்டுறதெல்லாம் நிர்வாகம்.”

“நிர்வாகத்துல பால்காரர் எப்படிங்க வந்தாரு?”

சோமசுந்தரம் யோசித்தார். “கைக்கூலி.”

“நான் எங்க?”

“நீங்க பர்மனென்ட். போராட்டத்துக்கு என்னைக்கு வந்தீங்க?”

காரியத்துக்கு உறவெல்லாம் வரும். புருஷன் இல்லாத படத்தை எப்படி மாட்டுவது? சுரங்கத்தில் பாதுகாப்பு போர்டு எழுதும் கொளஞ்சியப்பனை அழைத்து, காலி நாற்காலியில் தன்னை வரையச் சொன்னார். கொளஞ்சியப்பனுக்கு வரையத் தெரிந்த மனிதன் ஒருவன்தான்: ஹெல்மெட் போட்டு, விரல் நீட்டி எச்சரிப்பவன்.

“ஹெல்மெட்ட எடுத்துடுப்பா.”

“அத எடுத்தா மண்டை வராதுங்க சார்.”

ஒரு ஹெல்மெட் மட்டும் துருத்திக்கொண்டு தெரிந்ததால், கூட்டம் முழுவதற்கும் மாட்டினான். அம்சவல்லியை மட்டும் விஜயராஜ் தொடவிடவில்லை. இப்போது அவர்கள் சர்க்கஸ் பார்ப்பதுபோல் இல்லை. கூரை எப்போது விழும் என்று காத்திருப்பதுபோல் இருந்தது.

காரியத்தன்று, சேத்தியாத்தோப்பிலிருந்து வந்த மைத்துனி மலர்விழி, படத்தை முதன்முதலாகப் பார்த்தாள்.

“யாரு மாமா, அக்கா பக்கத்துல குந்திகினு மெரட்டுறது?”

“நான்தான்.”

அவள் சிரித்துவிட்டாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கரடியின் காலைத் தொட்டாள்.

“அப்ப அக்காவோட பொடவக் கிழிசல கால்ல கட்டிகினு சைக்கிள் வுடுறது யாரு? பக்கத்துல யார வேணா குந்த வைங்க மாமா, அக்கா உங்களத்தான் பாத்துகினு இருக்குது.”