இறக்குவானையில் என் ஒரே தனிக்கச்சேரி

இசைக்குழுவை விட்டுப் பிரிந்து தனியே பாடக் கிளம்பும் ஒவ்வொரு பாடகனுக்கும் ஓர் அசைக்க முடியாத நம்பிக்கை உண்டு: அந்தக் குழு இத்தனை காலமும் தன் குரலால்தான் நின்றது என்பது. அவ்வாறு பிரிந்தவர்களுள் சிலர் உலகப் புகழ் பெற்றிருக்கிறார்கள். நான் அவர்களுள் ஒருவனல்லன். என் தனி இசைவாழ்க்கை ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் நான்கு மணிக்குத் தொடங்கி, அன்றே நாலே முக்காலுக்கு முடிவுற்றது. (அதிலும் கால் மணித்தியாலம் வரவேற்புரை.)

முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்தக் கதையை எங்கள் குடும்பத்தில் சொல்லிவந்தவர் கதிர்வேல். என் தங்கை தனத்தின் கணவர். தெஹியோவிட்ட கடைவீதியில் வானொலி திருத்தும் கடை வைத்திருந்தார். சென்ற மாதம் அவர் காலமானார். ஆகவே கதை சொல்லும் பொறுப்பு என்மேல் விழுந்திருக்கிறது. அவரைப்போல் சிரிக்கவைக்க எனக்கு இயலாது. அவர் வேண்டுமென்றே விட்டுவந்த ஒன்றிரண்டு செய்திகளைச் சேர்க்க மட்டுமே இயலும்.

சந்தனமுல்லை என்பது எங்கள் இசைக்குழுவின் பெயர். கதிர்வேல் கீபோர்ட் வாசிப்பார், தபேலாவுக்கும் கிற்றாருக்கும் அவருடைய நண்பர்கள் இருவர், பாடுவது நான். இரத்தினபுரியிலிருந்து கேகாலை வரை எந்தத் தேயிலைத் தோட்டத்தில் திருவிழா என்றாலும், எந்த மண்டபத்தில் கல்யாணம் என்றாலும், திகதி குறிக்குமுன் எங்களிடம்தான் வந்து கேட்பார்கள். நான் இறக்குவானைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் புவியியல் கற்பித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் சென்ற முதல் ஆள். இதை நான் எவரிடமும் வலிந்து சொன்னதில்லை; சொல்லாமலே தெரியுமாறு நடந்துகொண்டேன்.

ஒவ்வொரு பாடலுக்கும் முன்பு கதிர்வேலுக்கு ஒரு வழக்கம் இருந்தது. குனிந்து, "மச்சான், மொத வரிய ஒருக்கா முணுமுணுத்துக் காட்டுங்க" என்பார். நான் முணுமுணுப்பேன். அவர் கீபோர்டில் எதையோ அழுத்துவார். அந்தக் கருவியின் சிறிய திரைமீது எப்போதும் ஒரு கைக்குட்டை கிடக்கும். ஏனென்று கேட்டால், "தூசி மச்சான்" என்பார். ஒன்பது ஆண்டுகள் அந்தக் கைக்குட்டையைப் பார்த்தும், தூசி ஏன் அந்த ஓரிடத்தை மட்டும் நாடுகிறது என்று இந்தப் பட்டதாரி சிந்திக்கவில்லை.

பிரிவுக்கு வித்திட்டது கேகாலையில் நடந்த ஒரு கல்யாணம். மாப்பிள்ளை வீட்டாரின் கொழும்பு உறவினர் ஒருவர் சாப்பாட்டு மேசையில் என் தோளைப் பற்றி, "தம்பி, ஒங்க குரல் மேல சவாரி பண்ணித்தான் இவனுங்க பொழைக்கிறானுங்க" என்றார். அவர் இரண்டாம் தடவை ரசத்துக்குக் காத்திருந்தவர். நேரம் போவதற்காகச் சொல்லியிருக்கலாம். எனக்கு அது தீர்ப்பாகக் கேட்டது. அடுத்த வாரமே பேனரில் என் பெயரும் பட்டமும் குழுவின் பெயருக்கு மேலே வரவேண்டும் என்று கேட்டேன்.

"பேனர்ல எடமில்லையே மச்சான்" என்றார் கதிர்வேல். "ஒங்க பட்டத்தையெல்லாம் போடணும்னா பக்கத்துத் தோட்டம் வரைக்கும் கட்டணும்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் அன்றே விலகினேன்.

தனம்தான் பேசிப்பார்த்தாள். "அண்ணே, அவரு வெளையாட்டுக்குச் சொன்னது. நீங்க இல்லாம அவரு யாருக்கு வாசிப்பாரு?"

"அதைத்தான் அவரும் தெரிந்துகொள்ளட்டும் என்கிறேன்" என்றேன். (தங்கையிடம்கூட மேடைத்தமிழ் பேசிய காலம் அது.)

நான் படிப்பித்த தோட்டத்தின் விளையாட்டு மைதானத்தில் என் முதல் தனிக்கச்சேரி ஏற்பாடாயிற்று. மலைப்பாதையில் கடைசி பஸ் ஆறு மணிக்கு இறங்கிவிடும் என்பதால் பிற்பகல் நான்கு மணிக்குத் தொடக்கம். எம்பிலிப்பிட்டியவிலிருந்து வாத்தியக்காரர் மூவரை அமர்த்தினேன். சுவரொட்டியில் என் பெயருக்குப் பின்னால் 'பி.ஏ. (சிறப்பு)' என்று அச்சிடச் செய்தேன். அந்தச் சிறப்பு புவியியலில் என்பதை அச்சிட இடம் போதவில்லை.

தனம் முதல்நாளே சமையலுக்கு ஒத்தாசையாக வந்திருந்தாள். கதிர்வேல் வரமாட்டார் என்றும், ஒரு கடிதம் மட்டும் கொடுத்தனுப்பினார் என்றும் சொல்லி, ஒட்டிய உறையொன்றை நீட்டினாள். "கச்சேரிக்கு முன்னாடி கட்டாயம் பாக்கச் சொன்னாருண்ணே. மறந்துறாதீங்க."

மன்னிப்புக் கடிதம் என்பதில் எனக்குச் சந்தேகமே எழவில்லை. அதை இப்போதே படித்து மனம் இளகிவிடக் கூடாது. வெற்றிக்குப் பிறகு, மேடையிலேயே பிரித்துப் படித்து, எல்லோர் முன்னிலையிலும் அவரை மன்னிக்க வேண்டும் என்று முடிவுசெய்து சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். மன்னிக்கும்போது சொல்லவேண்டிய வாக்கியங்களைக்கூட எழுதிப் பார்த்திருந்தேன். நல்ல வாக்கியங்கள்தாம்.

எம்பிலிப்பிட்டிய பஸ் வளைவொன்றில் பழுதாகி நின்றதால், வாத்தியக்காரர்கள் மூன்றரைக்குத்தான் வந்துசேர்ந்தார்கள். ஒத்திகைக்கு நேரமில்லை. கீபோர்ட்காரர் பியசேன, தமிழ்ப் பாட்டுகளைத் தலைகீழாக அறிந்தவர், அடக்கமான மனிதர். அவர் சிங்களத்தில் கேட்டது ஒரே கேள்வி.

"மாஸ்டர், ஸ்கேல் எக்க மொகத்த?"

எந்தச் சுருதியில் பாடப்போகிறீர்கள் என்று கேட்கிறார். அப்படியொன்றை என்னிடம் எவரும் அதுவரை கேட்டதில்லை. நான் அறிந்த ஒரே அளவுகோல், தேசப்படத்தின் அடியில் போடுவது. ஆனால் ஒன்பது ஆண்டுகளாகத் திரைப்படத்தில் உள்ளவாறே பாடிவருகிறேன் என்ற உறுதி இருந்ததால், சற்றும் தாமதியாமல், "ஒரிஜினல் எக்கம" என்றேன், அசலில் உள்ளதே.

பியசேன புருவத்தை உயர்த்தினார். "ஷுவர்த, மாஸ்டர்? ஓகொல்லோம ஹை."

எல்லாமே உச்சத்தில் இருக்கின்றன என்று எச்சரித்தார். நான் புன்னகை செய்தேன். அந்தப் புன்னகையை நினைத்தால் இன்றும் முகத்தைக் கழுவத் தோன்றுகிறது.

மைதானம் நிறைந்திருந்தது. வரவேற்புரையை உதவி ஆசிரியர் ஒருவர் வாசித்தார். 'தேனினும் இனிய குரலோன்' என்ற இடத்தில் அவருக்கு நா தடுமாறிற்று. என் கையெழுத்து அவருக்குப் பழக்கமில்லை.

முதலாவது, விநாயகர் துதி. கீழ்ச்சுருதிப் பாடல் என்பதால் பிள்ளையார் காப்பாற்றினார். இரண்டாவது பாடலின் பல்லவியிலேயே தொண்டை இறுகியது. ஒலிவாங்கியில் கோளாறு என்பதுபோல் அதைத் தட்டிப் பார்த்தேன். மூன்றாவது, உச்சஸ்தாயிக்குப் பேர்போன ஒரு திரைப்பாடல். திருவிழாக்களில் அதை நான் பாடினால் மக்கள் மறுபடியும் கேட்பார்கள். சரணத்தில் அது ஏறும் இடத்தில் நானும் ஏறினேன். குரல் இரண்டாகப் பிளந்தது. அவற்றுள் ஒன்று ஆட்டுக்குட்டியினுடையது. மற்றொன்று எந்தப் பிராணியினுடையது என்று தோட்டத்தில் இன்னும் கருத்தொற்றுமை ஏற்படவில்லை.

முன்வரிசையில் கொழுந்து பறிக்கும் ஒரு பெரியம்மா பதறிப்போனார். "ஐயோ, வாத்தியாருக்குத் தொண்டையில என்னமோ மாட்டிக்கிருச்சு! யாராச்சும் கொத்தமல்லித் தண்ணி குடுங்கடி!"

"மாஸ்டர், மெதுவா எறங்குங்க! விழுந்துருவீங்க!" என்றான் பின்னாலிருந்து என் பழைய மாணவன் ஒருவன்.

நிறுத்தியிருக்கலாம். சுருதியை இறக்கச் சொல்லியிருக்கலாம். பியசேன கண்ணால் கெஞ்சிக்கொண்டிருந்தார். நான் அவர் பக்கம் திரும்பி, வாத்தியம் போதாது என்பதுபோல், சத்தத்தைக் கூட்டும்படி சைகை செய்தேன். இரண்டாம் சரணம் தொடங்கிற்று. அதற்குள் எந்த வீட்டிலிருந்தோ ஆவி பறக்கும் கொத்தமல்லித் தண்ணீர் ஒரு செம்பில் வந்து, கைமாறிக் கைமாறி மேடையை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. நான் பாடிக்கொண்டே அதை வாங்கவேண்டியதாயிற்று. சபை முழுவதும் சிரித்தது. பகைமையற்ற சிரிப்பு; அதனால்தான் தாங்க முடியவில்லை. நாளை காலை இவர்களுடைய பிள்ளைகளுக்கு நான் பாடம் எடுக்கவேண்டும். இன்னும் ஒன்பது பாடல்கள் மிச்சமிருந்தன.

மீண்டும் அந்த உச்சம் வந்தது. வாயைத் திறந்தேன். அந்தக் கணத்தில் ஒலிபெருக்கிகள் மாண்டன. பிள்ளைமடுவத்துக்குப் பின்னால் இரைந்துகொண்டிருந்த ஜெனரேட்டர் நின்றுவிட்டது. (வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்லும் கட்டடம் அது.) சபை கைதட்டியது. மேடையேறியதிலிருந்து நான் கேட்ட, முழுமனதான முதல் கைதட்டல்.

ஜெனரேட்டர்காரர் அந்தப் பக்கம் ஓடினார். அவருக்கு முன்பே, கட்டடத்தின் மூலையிலிருந்து ஒருவர் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் கைகளைத் துடைத்துக்கொண்டே வெளிப்பட்டார். கதிர்வேல்.

"நேத்துதானே சர்வீஸ் பண்ணுனேன்! எண்ணெ கழுத்து வரைக்கும் கெடக்கு!" என்று புலம்பினார் ஜெனரேட்டர்காரர்.

"மெசின நம்ப ஏலுமாண்ணே?" என்றார் கதிர்வேல் மிகுந்த அனுதாபத்துடன். "மனுசன் மாதிரிதான், எந்த எடத்துல நிக்கும்னு தெரியாது. நானும் பாத்துட்டேன். இன்னைக்கு இது சரிவராது."

நான் மேடையிலிருந்து இறங்கி அவரிடம் போனேன். "எப்ப வந்தீங்க மாப்ள?"

"இப்பதான் மச்சான். மூணு பஸ் மாறி."

"பாட்டுக் கேட்டீங்களா?"

"எங்க? நான் வந்து சேரவும் கரண்ட் போகவும் சரியா இருந்துச்சு. குடுத்துவைக்கல."

அவர் கைகளில் பெற்றோல் வாடை வீசியது. அவர் என் கண்களைப் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. வானொலி திருத்தும் ஒருவர் மூன்று பஸ் மாறி வந்து, என் பாடலில் ஒரு வரிகூடக் கேட்கவில்லை என்று சொல்கிறார். அப்போதே ஒரு சொல் சொல்லியிருக்கவேண்டும். "தனத்தப் பாருங்க, சாப்பாடு இருக்கு" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

மேடைக்குப் பின்னால் போய்த்தான் கடிதத்தைப் பிரித்தேன். வணக்கம் இல்லை, மன்னிப்பு இல்லை, கையொப்பம்கூட இல்லை. பன்னிரண்டு பாடல்களின் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு சுருதி. கீழே ஒரு வரி: 'வாசிக்கிற ஆளிடம் கொடுக்கவும். மச்சானுக்கு எல்லாம் அசலைவிட இரண்டு கட்டை இறக்கி.' ஒன்பது ஆண்டுகளாகக் கைக்குட்டைக்கு அடியில் இருந்தது அந்த இரண்டு கட்டை இறக்கம்தான். என் குரலுக்காக ஒவ்வொரு பாடலையும் அவர் தாழ்த்திவந்திருக்கிறார்; நான் தாழவில்லை என்று எண்ணிக்கொள்ளவும் விட்டிருக்கிறார்.

மூன்று வாரம் கழித்துத் தெஹியோவிட்டவிலிருந்து தந்திபோல் ஓர் அஞ்சலட்டை வந்தது: 'ஞாயிறு நாலு மணி பிராக்டிஸ்.' போனேன். கைக்குட்டை அதே இடத்தில் கிடந்தது. "மொத வரிய ஒருக்கா முணுமுணுங்க மச்சான்" என்றார். மேலும் பதினொரு ஆண்டுகள் பாடினேன். கடிதத்தைப் பற்றி நானும் பேசவில்லை. ஜெனரேட்டரைப் பற்றி அவரும் பேசவில்லை. அதாவது, உண்மையாகப் பேசவில்லை. கதையாக, தீபாவளிக்குத் தீபாவளி, கல்யாணத்துக்குக் கல்யாணம், அவர் சொல்லாத நாளில்லை. ஆட்டுக்குட்டிக் குரலும் கொத்தமல்லித் தண்ணீரும் ஆண்டுக்காண்டு மெருகேறின. கடைசியில் மட்டும், "பாழாப்போன ஜெனரேட்டரு, நல்ல நேரத்துல நின்னுருச்சு! இல்லாட்டி மச்சான் இந்நேரம் எங்கயோ போயிருப்பாரு" என்று முடிப்பார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நான் கண்ணியமாகத் தேநீர் அருந்துவேன்.

அவருடைய கருமாதியன்று, சாப்பாடு முடிந்து உறவினர் கூடியிருந்தபோது அவர் மகள் கேட்டாள். "மாமா, அந்தக் கச்சேரிக் கதய நீங்க சொல்லுங்க. அப்பாதான் இல்லையே."

சொன்னேன். அவருடைய நகைச்சுவையில் பாதிகூட வரவில்லை. ஜெனரேட்டர் வரைக்கும் வந்ததும் நிறுத்தி, "அது தானாக நிற்கவில்லை. கதிர்வேல்தான் நிறுத்தினார்" என்றேன். முப்பது ஆண்டு இரகசியம். குரல் கொஞ்சம் பிசகியது.

வீடே சிரித்தது. துக்க வீட்டில் அப்படியொரு சிரிப்பை நான் கேட்டதில்லை.

"அண்ணே," என்றாள் தனம், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அது தெரியாத ஆளு இந்த வீட்டுல யாரு இருக்கா? தொட்டில்ல கெடக்குற புள்ளைக்கும் தெரியும். நாங்க சிரிச்சது ஜெனரேட்டருக்கா? தெரியாத மாதிரி நீங்க டீ குடிப்பீங்களே, அதப் பாத்துல்ல சிரிச்சோம்!"

"அவருக்கு? நான் அறிவேன் என்பது அவருக்குத் தெரியுமா?"

"தெரியாமயா? கத முடிஞ்சதும் ஒங்க மொகத்தத்தான் பாத்துக்கிட்டு இருப்பாரு. வீட்டுக்கு வந்து, 'இன்னைக்கும் மச்சான் சொல்லல'ம்பாரு. கோவமெல்லாம் இல்லண்ணே. சிரிச்சுக்கிட்டேதான்."

இப்போது எங்கள் குடும்பத்தில் ஆட்டுக்குட்டிக் கதைக்கு மவுசு குறைந்துவிட்டது. சென்ற வாரம் நான் போயிருந்தபோது, கண்ணாடியை உடைத்தது தான்தான் என்று ஒப்புக்கொள்ள மறுத்த தன் மகனைக் கதிர்வேலின் மகள் அதட்டினாள். "சொல்றத இப்பவே சொல்லிருடா. மாஸ்டர் தாத்தா மாதிரி முப்பது வருசம் எடுத்துக்காத!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், சற்றுப் பிந்தித்தான்.