கழுகு சாப்பிட்ட பிறகு

நண்பகல் நெருங்கியும் அபிஷேக்கின் வாய் திறந்தபாடில்லை. காய்ச்சலிலிருந்து அப்பொழுதுதான் எழுந்த ஐந்து வயதுப் பிள்ளை. இன்றும் உண்ணாவிட்டால் மருத்துவமனையில் சேர்த்துக் குளுக்கோஸ் ஏற்ற நேரிடும் என மருத்துவர் எச்சரித்திருந்தார்.

“ஒரே ஒரு வாய் ரசஞ்சோறு, கண்ணு,” என்று ராஜம் கெஞ்சினாள்.

“வேணாம்.”

அவள் கணவன் சம்பத், கல்பாக்கத்து அலுவலகத்திற்கு மாற்றலாகித் திருக்கழுக்குன்றத்தில் குடியேறி ஒரு மாதமே ஆகியிருந்தது. ‘அடம்பிடிக்கும் குழந்தையை அதட்டாதீர்கள், ஆர்வத்தைத் தூண்டுங்கள்’ என்று பள்ளியின் பெற்றோர் கூட்டத்தில் கேட்ட அறிவுரை அவன் நினைவில் எழுந்தது.

“டேய், மலைமேல கோயில்ல தினமும் மத்தியானம் கழுகு வந்து சாப்பிடுமாம். அது சாப்பிட்டதும் நீயும் சாப்பிடணும், சரியா?”

“சரிப்பா. அது முதல்ல சாப்பிடட்டும்.”

“நல்லா மாட்டிக்கிட்டீங்க,” என்றாள் ராஜம். “இப்போ கழுகுக்கு எங்க போவீங்க?”

சம்பத் ஒரு கையில் சோற்றுத் தூக்கையும் மறு கையில் மகனையும் சுமந்து மலையேறினான். உச்சியில் வெளியூர் யாத்ரீகர் சிலரும் அண்ணாந்து நின்றிருந்தனர். வானத்தில் வெயிலைத் தவிர வேறொன்றுமில்லை.

“அதோ பாரு, கழுகு!”

“அது காக்காப்பா.”

“இன்னைக்குக் கழுகுக்கு லீவுடா.”

“அப்போ ரசஞ்சோத்துக்கும் லீவுதானே?”

பெற்றோரைப் பார்த்தே பிள்ளைகள் கற்பர் என்பதும் அக்கூட்டத்தில் கூறப்பட்டதே! “நீ சாப்பிடாம நானும் சாப்பிட மாட்டேன்!” என்று சம்பத் சூளுரைத்தான். மகன் கலங்குவான் என எதிர்பார்த்தான்; மகனோ, “ஐ, ஜாலி!” என்று கை தட்டினான்.

வேறு வழியின்றி, கூடையில் இட்லி விற்றுக்கொண்டிருந்த பொன்னி என்பவளிடம், “கொஞ்சம் இவனப் பாத்துக்கம்மா,” என்று ஒப்படைத்துவிட்டுப் பாறையின் மறுபுறம் சென்று கழுகைத் தேடலானான்.

பசியால் கண்கள் இருளத் திரும்பியபோது, அபிஷேக் தூக்கின் அருகே சுருண்டு கிடந்தான். சம்பத் ஓடிவந்தான்.

“ஐயோ, மயங்கிட்டானா?”

“மயக்கமா? நல்லா கீது சார் உன் புள்ள! நாலு இட்லி துன்னுட்டுத் தூங்குது,” என்றாள் பொன்னி. “‘கழுகு வர்றது எப்பவோ நின்னுபோச்சுன்னு எங்க மிஸ் சொல்லிட்டாங்க, எங்கப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, பாவம், நம்பிகினு கீறாரு’ன்னுச்சு!”