ஐந்து தோசையோடு ஒரு புவாசா

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். படிவம் மூன்றோடு படிப்பை முடித்துக்கொண்டவன் நான். நாலு பேர் சேர்ந்து பார்த்தாலே எனக்கு வியர்க்கும். எழுதும் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று என் மனைவி சரோஜாவே கேட்கிறாள். ஆனால் இந்தக் கதையை அவள் ஒவ்வொரு கல்யாணத்திலும் ஒரு தோசை கூட்டிச் சொல்கிறாள். நடந்ததை நானே சொல்லிவிடுவது நல்லது.

குளுவாங் டவுனில் ஒரு மருத்துவப் பயிற்சிக்கூடத்தில் எனக்குத் துப்புரவு வேலை. அறுவைசிகிச்சை படிக்க வரும் புதிய டாக்டர்கள், மனிதர்கள்மேல் கை வைப்பதற்கு முன் இங்கே பொம்மைகளோடு பழகுவார்கள். சாதாரணப் பொம்மை இல்லை. மூச்சு விடும், இருமும், கவனிக்காவிட்டால் செத்தும் போகும். (தினமும் அதன் முகத்தைத் துடைப்பவன் நான்தான். ஒருநாளும் நன்றி சொன்னதில்லை.)

ஒரு வெள்ளிக்கிழமை காலை அது மூச்சு விட மறுத்துவிட்டது. அன்று டாக்டர் வோங்குக்குத் தேர்வு. தேறினால்தான் திங்கட்கிழமை உண்மையான அறுவைக்கூடத்துக்குள் விடுவார்கள். ஏற்கெனவே ஒரு முறை தவறியவர். முகம் வெளுத்து நின்றார்.

பயிற்சித் தலைவர் டாக்டர் கமலா சுற்றிலும் பார்த்தார். கையில் துடைப்பத்தோடு நான் மட்டும் சும்மா நின்றிருந்தேன்.

"அண்ணே, குடலிறக்க நோயாளியா படுங்க. கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. மயக்க மருந்து குடுக்கிற மாதிரி முகத்துல மூடி வைப்பாங்க, உடனே தூங்கிறணும். நான் சொல்ற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது."

"எனக்கு நடிக்க வராதுங்க டாக்டர்."

"பொம்மைக்கு மட்டும் வந்துச்சா? படுங்க லா."

படுத்தேன். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் பத்துப் பேர் நின்று பார்த்தார்கள். வெட்கத்தில் இடது பக்கத்தைப் பிடித்துக்கொண்டு முனகினேன். நோய் வலது பக்கமாம். டாக்டர் வோங் மெதுவாக என் கையைத் தூக்கி வலது பக்கம் வைத்துவிட்டு, நோயாளியிடம் கேட்கவேண்டியவை இருந்த தாளைப் பார்த்து மலாயில் கேட்டார். "அங்கிள், புவாசா?"

எனக்குப் பெருமையாக இருந்தது. இருபது வருடமாக வெள்ளிக்கிழமை விரதம் தவறியதில்லை. "புவாசா, டாக்டர்" என்றேன். குறித்துக்கொண்டார்.

முகத்தில் மூடியை வைத்தார்கள். கண்ணை மூடி, வாயை லேசாகத் திறந்து, என் வாழ்நாளின் சிறந்த தூக்கத்தைத் தூங்கிக்கொண்டிருந்தேன். மருந்து தடவுகிறேன் என்று யாரோ வயிற்றை அழுத்தினார்கள். ஏப்பம் வந்தது. செம்பனை லாரி பிரேக் போட்டது போல் ஒரு சத்தம். மூடிக்குள் சாம்பார் வாசனை.

யாரோ மூடியை எடுத்தார்கள்.

"அண்ணே, காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்றார் டாக்டர் கமலா.

எழுந்திருக்கத்தானே கூடாது என்றார்? கண்ணைத் திறக்காமலே சொன்னேன். "அஞ்சு தோசை. ரெண்டு வடை."

"புவாசான்னு சொன்னீங்களே?"

"புவாசாதாங்க. சைவம்தான் சாப்பிட்டேன்."

டாக்டர் கமலா அதை மலாயில் எடுத்துச் சொன்னதும், "அலமாக்" என்று தலையில் கை வைத்தார் டாக்டர் வோங். அவர் கேட்ட புவாசாவில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாதாம். நம் வீட்டுப் புவாசாவில் கறியும் மீனும்தான் கிடையாது.

டாக்டர் கமலா முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "எங்க வீட்டுலயும் இப்படித்தான் சொல்வோம். எனக்கே தோணலையே. நெசமா மயக்கம் குடுத்திருந்தா அந்தத் தோசை நுரையீரலுக்குப் போயிருக்கும். ஆளு போயிருப்பாரு." டாக்டர் வோங் பக்கம் திரும்பினார். "மத்தியானம் இன்னொரு தடவை. அதுதான் கடைசி."

ஒரு மனிதரின் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டேனே என்று சிற்றுண்டிச்சாலை மூலையில் போய் உட்கார்ந்தேன். மனசு ஆறவில்லை. அதற்காகப் பால் கலக்காத ஒரு கோப்பி ஓ. கோப்பிக்காக இரண்டு பீசாங் கோரேங், எண்ணெயில் பொரித்த வாழைப்பழம்.

மத்தியானம் மறுபடி படுத்தேன். டாக்டர் வோங் தாளைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். "அங்கிள், கடைசியா வாயில என்ன போட்டீங்க? எத்தனை மணிக்கு?"

பொய் சொல்ல நினைத்தேன். வரவில்லை. "இப்பத்தான் டாக்டர். கோப்பி, ரெண்டு பீசாங் கோரேங்."

அவர் கையுறையைக் கழற்றினார். "இன்னிக்கு அறுவை கிடையாது."

கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கைதட்டல் வந்தது. கத்தியைத் தொடாமலே தேறிவிட்டார். வெளியே போகும்போது என் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார்.

அந்தக் கேள்வி இப்போது தாளிலேயே அச்சாகி இருக்கிறது. புதிதாக வருகிற டாக்டர்கள் அதற்குத் தோசைக் கேள்வி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வீட்டிலோ வெள்ளிக்கிழமை தோறும் சரோஜா அடுப்படியிலிருந்து கேட்பாள். "இன்னிக்கு எந்தப் புவாசா? திங்கிறதா, திங்காததா?"

அந்தத் தேர்வுக்கு மறுநாளே ஆள் வந்து பொம்மையைச் சரிசெய்தார். அது மூச்சு விட்டது. நான் அதன் முகத்தைத் துடைத்தேன். அன்றும் அது நன்றி சொல்லவில்லை.