கொண்டகோல் திதியின் செய்முறைத் தேர்வு

கல்கத்தாவில் எந்த மைதானத்தில் எது காணாமல் போனாலும், போலீசுக்குப் போவதற்கு முன் எங்கள் கொண்டகோல் திதியின் கைப்பையைச் சோதனை போட்டுவிடுவது நல்லது. பந்து, விசில், வெற்றிக் கோப்பை எல்லாம் அதிலிருந்து மீட்கப்பட்டிருக்கின்றன. பைக்குள் அடங்காத ஒரு நடுவரை மட்டும் கேன்டீனில் லூச்சிப் பூரி வாங்கிக் கொடுத்து உட்கார்த்தி வைத்திருந்தார்.

திதி எங்களுக்குப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு மேலாண்மை சொல்லிக்கொடுத்தவர். அப்படி ஒரு படிப்பு இருப்பதே பலருக்குத் தெரியாது. "விளையாட்டுக்கு எதுக்குடா மேனேஜர்? பந்தைப் போட்டா அது பாட்டுக்கு உருளப்போறது" என்றார், வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்ற என் அப்பா.

பாலிகஞ்சில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பத்துப் பெண்மணி திதி. பருத்திப் புடவை, காலில் கான்வாஸ் ஷூ. வங்காளியில் 'கொண்டகோல்' என்றால் குளறுபடி, 'திதி' என்றால் அக்கா. அவர் வகுப்பு உள்ள நாட்களில் எனக்குச் சீக்கிரம் டிபன் கட்ட வேண்டும் என்பதற்காக அம்மா காலண்டரில் 'திதி' என்று எழுதிவைப்பாள். திருச்சியிலிருந்து வந்திருந்த மாமா அதைப் பார்த்துவிட்டுக் காபியைக்கூடத் தொடாமல் குளித்துவிட்டு வந்து, "யாருக்குடி திதி? வாரத்துக்கு மூணு வர்றதே!" என்று கவலையோடு கேட்டார்.

முதல் நாள் வகுப்பறை பூட்டியிருந்தது. இருபத்திரண்டு பேரும் அரை மணி நேரம் செல்போனைத் தடவிக்கொண்டு நின்றோம். மாடிப்படியில் உட்கார்ந்து மண் குவளையில் டீ குடித்துக்கொண்டிருந்த அம்மாள் நிதானமாக எழுந்து வந்து, இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார்.

"ஸ்டேடியம் கேட் இப்படிப் பூட்டியிருந்தா, டிக்கெட்டோட நிக்கிற கூட்டத்துக்கு என்ன சொல்வீங்க? சாவி யார்கிட்டன்னு ஒருத்தராவது கேட்டீங்களா?" என்று வங்காளியில் விளாசிவிட்டு, எல்லோருக்கும் பூஜ்யம் போட்டார். என் பெயரைக் கேட்டதும் தமிழுக்கு மாறினார். "நீ நம்மூர்ப் பையனா? உனக்கும் ஜீரோதான். சொந்தம் கொண்டாடாதே."

அதற்கப்புறம் நாங்கள் நடத்திய எதையும் அவர் ஒழுங்காக நடக்கவிட்டதில்லை. செஸ் போட்டியில் எட்டு ராணிகளைக் கடத்தினார். நாங்கள் கேன்டீன் பச்சை மிளகாய்களை ராணிகளாக நிறுத்தி ஆட்டத்தை முடித்தோம். கோ-கோ போட்டிக்கு ஒரு பெரியவரைச் சிறப்பு விருந்தினர் என்று அனுப்பினார். மாலை போட்டோம், சால்வை போர்த்தினோம். அவர் விட்டுக்கொடுப்பதைப் பற்றிப் பேசிய பேச்சில் இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பிறகுதான் தெரிந்தது, அவர் திதியின் தெருவில் மீன் விற்பவர்.

"வர்றவர் யாருன்னு சரிபார்க்க வேண்டாமா?" என்று திதி பாய்ந்தார்.

"பேச்சு நல்லா இருந்ததே திதி" என்றான் என் நண்பன் சுபோ.

திதி கைப்பையிலிருந்து டைரியை எடுத்தார். "அது வாஸ்தவம். அடுத்த வருஷமும் அவரையே கூப்பிடலாம்."

கடைசியாகச் செய்முறைத் தேர்வு வந்தது. பவானிபூரில் கல்லூரிப் பெண்களுக்குக் கால்பந்துப் போட்டி நடத்த வேண்டும்; நான்தான் பொறுப்பாளர். அது சொதப்பினால் பட்டம் கிடையாது. பட்டம் இல்லையென்றால், ஒரு கிளப்பில் எனக்காகப் பேசிவைத்திருந்த வேலையும் கிடையாது.

காலையில் கொட்டும் மழையில் போய் இறங்கினால், மைதானத்தில் பாதியைக் காணோம். துர்கா பூஜைப் பந்தலுக்காகக் குழி தோண்டி மூங்கில் நட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கிளப் வேலைக்கு மனசுக்குள் முழுக்குப் போட்டேன். சுபோ மட்டும் விழுந்து விழுந்து சிரித்தான். "திதி இந்தத் தடவை பெரிசா இறங்கிட்டாங்க!"

அதானே! அவர் வேலைதான் என்று தெரிந்ததும் எங்களுக்குப் பயமே போய்விட்டது. பந்தல் மேஸ்திரியிடம் பேசி நாலு மூங்கிலை வாங்கிக் கோல் கம்பமாக நட்டோம். மிச்சமிருந்த பாதி மைதானத்தில் அணிக்கு ஐந்து பேர் என்று மாற்றினோம். நடுவர் போன் செய்து காய்ச்சல் என்று முனகினார். "சரி சரி, நாங்க சமாளிச்சுட்டோம்னு திதிகிட்ட சொல்லிடுங்க" என்று சிரித்துவிட்டு, ஒரு கல்லூரியின் உடற்பயிற்சி ஆசிரியை கையில் விசிலைக் கொடுத்தோம். அலிப்பூரிலிருந்து காரில் வந்திறங்கிய சிறப்பு விருந்தினரிடம், மாலை போடுவதற்கு முன் நான் ஆதார் கார்டைக் கேட்டேன். அவர் முகம் சிவக்கச் சிவக்க எடுத்துக் காட்டினார். நிஜமான ஓய்வு பெற்ற அதிகாரிதான்.

அரையிறுதியின்போது ஒரு கிழவர் எங்கள் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, "ஆமார் ஜானாலா!" என்று எதிர்வீட்டு ஜன்னலைக் காட்டி அலறியபடி ஓடிவந்தார். நான் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தேன். "நடிப்பு பிரமாதம் அங்கிள். கொஞ்சம் ஓவர், அவ்வளவுதான்."

கிழவர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அங்கே அவர் மனைவி நிஜமான கண்ணாடிச் சில்லுகளை முறத்தில் அள்ளிக்கொண்டிருந்தார்.  மன்னிப்புக் கேட்டு, மறுநாளே புதுக் கண்ணாடி போட ஆளை அனுப்புவதாகச் சொல்லி, அவரைச் சமாதானப்படுத்தி முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன்.

கோப்பையைக் கொடுத்து முடித்தபோது, திதியின் தங்கையிடமிருந்து போன் வந்தது. காலையில் எங்களிடம் வரக் கிளம்பிய திதி, பாலிகஞ்ச் ஸ்டேஷன் படியில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டிருந்தார். நாள் முழுக்க ஆஸ்பத்திரியில்தான் இருந்திருக்கிறார். மூங்கில், காய்ச்சல், ஜன்னல் எதுவுமே அவர் செய்ததில்லை. நான் மேஸ்திரியின் பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளியைப் பார்க்க இரண்டு பேருக்குத்தான் அனுமதி. வாசலில் இருந்த வாட்ச்மேன் ஈயைக்கூடப் பாஸ் கேட்டு அனுப்புகிறவர். பத்து நிமிஷத்தில் இருபத்திரண்டு பேரும் திதியின் கட்டிலைச் சுற்றி நின்றோம். திதிக்குக் காலில் மாவுக்கட்டு, முகமெல்லாம் ஆவல்.

"என்னென்ன கெட்டுப்போச்சு? ஒண்ணு விடாம சொல்லு!"

சொன்னேன். நர்ஸ் வந்து அதட்டும் வரை சிரித்தார். "மூங்கிலா! ஐயோ, இத்தனை வருஷத்துல எனக்குத் தோணவே இல்லையேடா!"

பிறகு, "ரொம்பப் பயந்துட்டியா?" என்றார்.

"இல்லை. நீங்கதான் எங்கேயோ நின்னு பார்த்துண்டிருக்கேள்னு நெனச்சோம்."

திதி போர்வையை இழுத்து மாவுக்கட்டின் மேல் சரிசெய்தார். அப்புறம் பழைய குரலில் கேட்டார்: "அது போகட்டும். இருபத்திரண்டு பேரையும் அந்த வாட்ச்மேன் எப்படிடா உள்ள விட்டான்? சொல்லு, அதுக்குத் தனியா மார்க் போடறேன்."

நாங்கள் சொல்லவில்லை. அன்று ஒருத்தரும் மார்க்குக்காகப் போகவில்லை.