தேளின் தலையில் எத்தனை?

‘தெரியுது, தெரியுது’ என்று சொல்பவர்கள் ஒரு தனி இனம். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து “விரிசல் தெரியுதா?” என்றால் டாக்டருக்கு முன்பே பார்த்துவிட்டவர்போல் தலையாட்டுவார்கள். மலையுச்சியில் நின்று நண்பர் “அதோ எங்க வீடு” என்று விரலை நீட்டினால், பனிமூட்டத்துக்குள் வீட்டையும் கண்டு, கொடியில் காயும் துணியையும் கண்டுவிடுவார்கள். தெரியவில்லை என்று சொல்ல மட்டும் வாய் வராது.

இந்த இனத்தை மொத்தமாக நான் பார்த்தது என் மாமா வீட்டு மொட்டைமாடியில். மாமா மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். இப்போது தொலைநோக்கி வைத்திருக்கிறார். வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கும் முன்பே மாடியேற்றிவிடுவார். விருச்சிக ராசியில், தேளின் தலைப்பக்கம், அருகருகே இரண்டு நட்சத்திரங்கள். இரண்டுக்கும் ஒமேகா என்று ஒரே பெயர். பிரித்துச் சொல்ல நம்பர் மட்டும் உண்டு. ஒரே பெயரை வைத்துக்கொண்டு சண்டையில்லாமல் இருக்கிறார்களே என்று மாமாவுக்கு அவற்றின்மேல் தனிப் பாசம்.

அவர் மகள் விரும்பிய பையன் அன்று பெற்றோருடன் வந்திருந்தான். மாமாவின் சம்மதம் ஒன்றுதான் பாக்கி. மாமாவோ, குறி வைத்துவிட்டு, அன்றைக்கென்று வாங்கிய புது லென்ஸை மாட்டி, தான் பார்க்கும் முன்பே எல்லாரையும் வரிசையில் நிறுத்திவிட்டார்.

“ஆஹா, ரெண்டும் ஜோடியா நிக்குது” என்றார் பையனின் அப்பா. “வலது பக்கத்துது கொஞ்சம் பெருசு” என்றார் மூக்குக்கண்ணாடியைக் கீழேயே மறந்துவிட்டு வந்த அவன் அம்மா. “போன தடவையைவிடப் பளிச்சுன்னு இருக்கு” என்றாள் என் அத்தை.

பையன் குனிந்தான். வெகுநேரம் பார்த்தான்.

“ஒண்ணுதான் தெரியுது.”

அம்மா அவன் முழங்கையைக் கிள்ளினார். “நல்லா பாருடா.”

“பாத்துட்டேம்மா. ஒண்ணுதான்.”

மாமா பெண்ணின் முகம் சுண்டிப்போயிற்று. எனக்கே பாவமாக இருந்தது. மாமா அவனை விலக்கிவிட்டுத் தானே பார்த்தார். ஒன்றுதான். புது லென்ஸ் அதிகம் பெரிதாக்கியதில் இரண்டாவது நட்சத்திரம் வட்டத்துக்கு வெளியே போயிருந்தது. மாமா நிமிர்ந்து அத்தையைப் பார்த்தார்.

“போன தடவையைவிடப் பளிச்சா?”

அத்தை, அடுப்பில் ஏதோ வைத்தது ஞாபகம் வந்து, கீழே இறங்கிவிட்டாள். மாமா பையனின் தோளில் கை போட்டார். “வாங்க மாப்பிள்ளை, சாப்பிடலாம்.”

போன வாரம் அந்த மாப்பிள்ளை ஸ்கேன் படம் ஒன்றைக் கொண்டுவந்தான். “இதோ குழந்தையோட மூக்கு. தெரியுதா மாமா?”

மாமா படத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். “தெரியாம என்ன? அப்படியே என் மூக்கு.”

சிரிக்காதீர்கள். படம் கைமாறிக்கொண்டிருக்கிறது, அடுத்து உங்களிடம்தான் வருகிறது.