வீரம்மாவின் அண்டா விண்ணேறிய வரலாறு

குனோங் ராபாட், ஈப்போ
9.4.1983

கமுந்திங் மாநகரில் சகல சௌபாக்கியங்களோடு வாழும் என் அருமைத் தங்கை வீரம்மாவுக்கு, ஈப்போவின் எட்டுத் திக்கிலும் பேர்போன உன் அண்ணன் உடையப்பன் எழுதிக்கொண்டது. நான் நலம். உன் அண்ணி மங்களம் நலம், அவள் குரல் அதைவிட நலம். மச்சான் அப்பாவுவின் மூட்டுவலி தைப்பிங் பக்கத்து மழையில் கரைந்து போயிருக்கும் என்று நம்புகிறேன்.

"அண்டா எங்கே?" என்று இரண்டே சொல்லில் நீ எழுதிய மூன்றாவது கடிதம் கிடைத்தது. சித்திரையில் புது வீடு புகுகிறீர்கள், நூற்றைம்பது பேருக்குச் சாம்பார் வைக்க வேண்டும், அந்த அலுமினிய அண்டா இல்லாவிட்டால் உன் மானம் கப்பலேறிவிடும் என்பதெல்லாம் எனக்குத் தெரியாதா? போன ஆடியில் கோயில் கூழுக்கு அதை இரவல் வாங்கி வந்தவனே நான்தானே. அது போன இடத்தை இப்போது சொல்கிறேன். சத்தியமாக இந்தக் கதையை உலகத்தில் ஒருவரும் நம்பப் போவதில்லை. ஒரே வயிற்றில் பிறந்த பாவத்துக்கு நீயாவது நம்பு.

கூழ் ஊற்றிய மறுவாரம் வானொலியில் ஒரு பேராசிரியர் பேசினார். நாம் குப்பை என்று வீசுவதில் பாதிக்குமேல் குப்பையே இல்லையாம். பழைய பேப்பரை ஊறவைத்து மறுபடி பேப்பராக்கினால் காட்டில் மரம் பிழைக்குமாம், காய்கறித் தோல் மக்கினால் எருவாகுமாம், அலுமினியத்தை மண்ணிலிருந்து பிரித்தெடுக்க ஆகிற மின்சாரத்தில் இருபதில் ஒரு பங்கு இருந்தால் போதும், பழைய அலுமினியத்தை உருக்கிப் புதுச் சாமான் செய்துவிடலாமாம். இருபதில் ஒரு பங்கு! கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்தேன். அன்றோடு நம் வீட்டுக் குப்பைத்தொட்டிக்கு வேலை போயிற்று. ஒரு மூலையில் பேப்பர், ஒரு மூலையில் டின், ஒரு மூலையில் போத்தல், நாலாவது மூலையில் முறைத்துக்கொண்டு மங்களம். பின்பக்கம் குப்பை கொளுத்துவதையும் நிறுத்தினேன். அந்தப் புகை போனதும் எங்கள் சுண்ணாம்பு மலை மூச்சுவிட்டு நிமிர்ந்து, ஒரே வாரத்தில் மூன்றடி வளர்ந்துவிட்டது. வேண்டுமானால் வந்து அளந்து பார்.

சனிக்கிழமைதோறும் முகம்மது கௌஸ் பழைய சாமான் வாங்க லாரியில் வருவார். "அண்ணே, இன்னிக்கு என்னா இருக்கு?" என்றார். "எல்லாமே இருக்கு கௌஸ், ஏத்துலா!" என்று நான் இரண்டு கையாலும் வீச ஆரம்பித்தேன். மீன் டின், பால் டின், பிஸ்கட் டின் என்று நான் வீசிய வேகத்தில் கை கண்ணுக்குத் தெரியவில்லை, கூடவே ஏதோ ஒன்று பெரிதாக ஏறியதும் தெரியவில்லை. "ஏங்க, அது வீரம்மா அண்டாலா!" என்று மங்களம் கத்தியபோது லாரி முனை திரும்பிவிட்டது. மோட்டார் சைக்கிளை எடுத்தேன். என் வேகத்துக்கு நிழலே பின்தங்கி, பஸ் பிடித்து வந்து சேர்ந்தது. உருக்குப் பட்டறையை நான் அடைந்தபோது உன் அண்டா உலையில் உட்கார்ந்து கையசைத்துக்கொண்டிருந்தது. "என்னாண்ணே, தங்கச்சி அண்டான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா முன்சீட்ல உக்கார வச்சு கொண்டாந்திருப்பேனே!" என்று கௌஸ் தலையில் கைவைத்துக்கொண்டார்.

அண்டா உருகியது. அதனால் மிச்சமான மின்சாரம் போக இடமில்லாமல் கம்பிவழியே திரும்பி வந்தது. ஈப்போவில் யாரும் சுவிட்ச் போடாமலே விளக்கெல்லாம் எரிந்தன, மங்களத்தின் இஸ்திரிப்பெட்டி அலமாரிக்குள் இருந்தபடியே சட்டை தேய்த்தது. உருகியதில் ஒரு கைப்பிடி பக்கத்து வீட்டுச் சீனியின் டிவி ஏரியல் ஆயிற்று. அதில் இன்றுவரை படம் வருவதில்லை, "அண்டா எங்கே?" என்று உன் குரல்தான் வருகிறது. மீதியெல்லாம் விமானத்தின் இறக்கை. தினமும் காலையில் பினாங்குக்குப் பறக்கிறது, கமுந்திங் வந்ததும் மரியாதைக்கு ஒரு பக்கம் சாய்கிறது. யாருக்கம்மா கிடைக்கும் இந்தப் பேறு? அண்டாவை அடுப்பங்கரையில் தேடாதே, அண்ணாந்து பார்.

புது வீட்டில் பால் பொங்கட்டும், பந்தியில் சோறு மிஞ்சட்டும், சொந்தக்காரர்களின் வாய் மட்டும் குறையட்டும். மச்சானுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
அன்பு அண்ணன்
உடையப்பன்

பின்குறிப்பு: மங்களம் கடிதத்தைப் படித்துவிட்டாள். "பொய்யெல்லாம் தீந்துச்சா? இப்ப உண்மைய எழுதுங்க. இல்லன்னா சோத்துக்கு கமுந்திங் போய்க்கிங்க" என்கிறாள். ஆகவே எழுதுகிறேன். உன் அண்டா விண்ணேறவில்லை, எங்கள் வேலியைக்கூடத் தாண்டவில்லை. இரவல் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தருகிற வழக்கம் நம் குடும்பத்தில் உண்டா? ஒரு கிண்ணம் வாங்கினாலே ஒரு பிடி சீனியாவது போட்டுத்தானே தருவோம்? அவ்வளவு பெரிய அண்டாவை எதால் நிரப்புவது? நம் வீட்டுக் கத்தரிக்காயால் நிரப்புவோம் என்று முடிவு செய்தேன். கத்தரிக்கு எரு வேண்டும். எருவுக்கு வாழைத்தோலும் தேயிலைச் சக்கையும் மாதக்கணக்கில் மக்க வேண்டும். மக்க வைக்கப் பெரிய பாத்திரம் வேண்டும். வீட்டில் பெரிய பாத்திரம் ஒன்றுதான் இருந்தது. தண்ணீர் வடிய அதன் அடியில் ஓட்டை போட்டேன். ஆறாவது ஓட்டையின்போது மங்களம் வந்து, "ஏங்க, அண்டாவையே ஓட்ட போட்டுட்டா கத்திரிக்காய எதுல ரொப்புவீங்க?" என்று கேட்டாள். எட்டு மாதமாக அதற்குப் பதில் தேடிக்கொண்டிருந்ததால்தான் உனக்கும் பதில் எழுதவில்லை.

பதில் கௌஸிடம் கிடைத்தது. சேர்த்து வைத்த டின், போத்தல், பேப்பர் அத்தனையையும் ஏற்றிவிட்டு, "காசு வேணாம் கௌஸ், அண்டாவா குடு" என்றேன். எங்கோ மூடிப்போன கேன்டீன் சாமானில் தேடி ஒன்று கொண்டுவந்தார். உன்னுடையதைவிட ஒரு சாண் அகலம், ஒரே ஒரு நெளிவு. அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிடு. ஞாயிற்றுக்கிழமை சீனி தன் வேனில் கொண்டுவருவான், விளிம்புவரை கத்தரிக்காய். நூற்றைம்பது பேருக்கும் தாராளமாகச் சாம்பார் வை. ஓட்டை அண்டாவை மட்டும் கேட்காதே, அடுத்த எரு அதில் தயாராகிக்கொண்டிருக்கிறது.

ஆக, மேலே எழுதியதில் விமானம் பொய், ஏரியல் பொய், மலையும் வளரவில்லை, புகை போனதால் பளிச்சென்று தெரிகிறது, அவ்வளவுதான். ஆனால் அந்தப் பேராசிரியர் சொன்ன 'இருபதில் ஒரு பங்கு' மட்டும் சத்தியம். விமானக் கதையைச் சொன்னபோது சீனி, "அப்படியா அண்ணே, எந்தப் பக்கத்து ரெக்க?" என்று கேட்டான். இந்த இருபதில் ஒரு பங்கைச் சொன்னேன், "போங்கண்ணே, புளுகாதீங்கலா" என்று எழுந்து போய்விட்டான்.