கரடி லாட்ஜ் கெட்டுப்போன கதை

போன மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை, ரயில் மாலூரைத் தாண்டும்போது, நின்றுகொண்டே ஒரு முடிவெடுத்தேன். இனிமேல் என் வீட்டு டிவியில் 'கரடி லாட்ஜ்' ஓடாது.

நின்றுகொண்டு எடுத்த முடிவு என்பதைக் கவனிக்க வேண்டும். உட்கார்ந்திருந்தால் தூங்கியிருப்பேன். பெங்களூரிலிருந்து திரும்பும் சாயங்கால ரயிலில் பங்காருபேட்டை வரைக்கும் உட்கார இடம் கிடைப்பதில்லை. காலையில் இருட்டோடு கோலார் தங்கவயலின் ஊரிகம் ஸ்டேஷனில் ஏறுகிறேன். ராத்திரி எட்டு மணிக்கு அதே ஊரிகத்தில் இறங்குகிறேன். நடுவில் ஒரு வால்வு கம்பெனியில் தரப் பரிசோதகர் வேலை. பித்தளை வால்வை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நல்லதை ஒரு பக்கமும் கெட்டதை ஒரு பக்கமும் வைக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக என் வாழ்வே வால்வுதான்.

'கரடி லாட்ஜ்' ஒரு கார்ட்டூன் தொடர். எங்கேயோ வெளிநாட்டில் வரைந்து, தமிழில் பேச வைத்தது. மலையடிவாரத்தில் ஒரு லாட்ஜ். நடத்துவது கரடிக் குடும்பம். அப்பா கரடி குப்பாண்டி, அம்மா கரடி காந்தாமணி, ரெண்டாங்கிளாஸ் படிக்கும் ஒரு பெண் குட்டி. வாரம் ஒரு விருந்தாளி, வாரம் ஒரு வம்பு. பழசெல்லாம் டிவி ஆப்பிலேயே இருப்பதால், எங்கள் வீட்டில் தினமும் ராத்திரி எட்டரைக்கு ஒன்று ஓடும். பதினேழு வருஷமாக வருகிறது. ஆரம்பித்தபோது எங்கள் மகள் அக்ஷயாவும் ரெண்டாங்கிளாஸ். அவள் படித்து முடித்து, பெங்களூரில் வேலைக்குப் போய், ரெண்டு கம்பெனி மாறியும் விட்டாள். கரடிக்குட்டி இன்னும் ரெண்டாங்கிளாஸ் பாஸாகவில்லை.

முதல் ஐந்து வருஷம் தங்கம். லாட்ஜில் ஒரு சாவி தொலையும். அதற்கே அரை மணி நேரம் வயிறு வலிக்கச் சிரிப்போம். அப்புறம் சாவி போதவில்லை. குப்பாண்டி நிலாவுக்குப் போனான். திரும்பி வந்து மந்திரியானான். பிறகு குரல் கொடுத்தவரை மாற்றினார்கள். புதுக் குரல், பல்வலிக்காரர் ஓடும் பஸ்ஸை நிறுத்தக் கத்துவதுபோல் இருந்தது. யோசித்துப் பேசிக்கொண்டிருந்த காந்தாமணி, வெறுமனே கரண்டியைத் தூக்குகிறவளாகிப் போனாள். படம் மட்டும் வருஷா வருஷம் பளபளப்பாகி, இப்போது கரடியின் முடியை ஒவ்வொன்றாக எண்ணலாம். சிரிப்பை எண்ண ஒரு கை விரல் போதும். லாட்ஜ் இருக்கிறது, லாஜிக் இல்லை. சாம்பியன் ரீஃப் தங்கச் சுரங்கத்தில் வேலை செய்த எங்கள் அப்பா சொல்வார், கீழ் லெவலுக்குப் போகப் போக கல்தான் அதிகம், தங்கம் கொஞ்சம் என்று. சுரங்கத்தை மூடினார்கள். இதை யாரும் மூடவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. அதே நேரத்தில் கபடி வருகிறது. இதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

என் மனைவி அம்சவேணி ராபர்ட்சன்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வீட்டிலும் விடைத்தாள் திருத்துகிற முகம்தான். சாப்பாட்டுத் தட்டு கைக்கு வந்த பிறகே விஷயத்தை ஆரம்பித்தேன். தட்டு வருவதற்கு முன் முடிவுகளை அறிவிக்கக் கூடாது என்பது அனுபவம்.

"அம்சா, இனிமே கரடி லாட்ஜ் வேணாம்."

"ஏன், கரடி இன்னா பண்ணுச்சி?"

"தரம் போச்சு."

"எப்பலர்ந்து?"

"ஆறாவது வருஷத்துல இறங்க ஆரம்பிச்சி, பன்னெண்டாவது வருஷத்துல முழுசாப் போச்சு."

"இவ்ளோ துல்லியமா சொல்றீங்க. நேத்து கடைசில இன்னா ஆச்சு?"

"நேத்தா? கடைசில எல்லாம் சரியாப் போச்சு."

"எப்படி?"

"குப்பாண்டி மன்னிப்பு கேட்டான்."

"கரடி விடாதீங்க. நேத்து ஏழு மணிக்குப் போன கரண்ட்டு காலைலதான் வந்துச்சி."

நான் ரசத்தை விட்டுப் பிசைந்தேன்.

"ஏங்க, ஏழு நிமிஷத்துல தூங்கிடுறீங்க. மீதி இருபது நிமிஷத்தோட தரம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அது தூக்கம் இல்ல. கண்ண மூடினு கேக்கறேன். வசனத்த எடை போடணும்னா அப்பிடித்தான்."

"குறட்டை?"

"அது அபிப்பிராயம்."

அவள் சிரிக்கவில்லை. "சரி. தரம் போச்சுன்னு காட்டுங்க. காட்டிட்டா நிறுத்திடலாம். நீங்க அந்தக் கபடியே பாத்துக்குங்க."

கபடியைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

"காட்ட முடியலன்னா?" என்றேன்.

அம்சவேணி ஃப்ரிட்ஜ் மேலே பார்த்தாள். அங்கே ஒரு விண்ணப்பம் ரெண்டு மாசமாகத் தூசி தின்றுகொண்டிருந்தது. எங்கள் கம்பெனி மாலூரில் இரண்டாவது யூனிட் திறந்திருக்கிறது. ஊரிகத்திலிருந்து மாலூர் பாதி வழி. அங்கே மாறிக்கொண்டால் விடிந்த பிறகு கிளம்பி, ஆறு மணிக்கு வீட்டில் இருக்கலாம். ஆனால் பெங்களூரில் எனக்குக் கண்ணாடி அறை. கதவில் என் பேர், அதற்குக் கீழே 'சீனியர்'. மாலூரில் தரப் பிரிவு என்பதே ஒரு மேஜைதான். கண்ணாடி அறையிலிருந்து மேஜைக்கு ஒரு மனுஷன் எப்படிப் போவது? அம்சவேணி பதினாலு தடவை கேட்டுப் பார்த்தாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். அப்போதே நான் ஜாக்கிரதையாக இருந்திருக்க வேண்டும்.

"தோத்தா கையெழுத்துப் போடுவீங்களா?" என்றாள்.

"இருபத்திரண்டு வருஷ சர்வீஸ் அம்சா. தரம் விஷயத்துல நான் தோத்ததே இல்ல."

பத்து நாள், நாளுக்கு ஒரு எபிசோடு, அறிக்கை நான் எழுதுவது, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தீர்ப்பு என்று பேசி முடித்தோம். எந்த வருஷத்து எபிசோடு என்று எனக்குச் சொல்லக் கூடாது என்றும் ஒரு நிபந்தனை. அதை அவள் போடவில்லை. பேட்ச் நம்பர் தெரியாமல் சோதிப்பதுதான் முறை, அப்போதுதான் பாரபட்சம் இருக்காது என்று நானே எடுத்துக் கொடுத்தேன். "நல்ல முறைங்க" என்று ஒத்துக்கொண்டாள்.

முதல் நாள் ஒரு விருந்தாளியின் குடையைக் குப்பாண்டி தொலைத்துவிட்டான். 'ஆரம்பம் மிக மெதுவு, தொய்வு' என்று எழுதினேன். ரெண்டாம் நாளும் குடை தொலைந்தது. 'கற்பனை வறட்சி.' மூணாம் நாள் ரயில் ஒன்றேகால் மணி நேரம் லேட். டேக்கலில் சிக்னலுக்கு நின்று, பங்காருபேட்டையில் எதற்கோ நின்று, வந்து நாற்காலியில் விழுந்தபோது டிவியில் மறுபடியும் ஒரு குடை. எனக்குப் பரிதாபமாகக்கூட இருந்தது. பதினேழு வருஷம் எழுதினால் யாருக்கும் சரக்கு தீரத்தான் செய்யும். மழைக்காலத்தை முன்னிட்டு ஏதோ குடை வாரம் கொண்டாடுகிறார்கள் போல என்று சமாதானம் செய்துகொண்டேன். அஞ்சாம் நாள், 'ஆரம்பம் அவசரம், மூச்சுவிட நேரமில்லை.' ஏழாம் நாள், 'குரல் காதில் விழவில்லை.' எட்டாம் நாள், 'ஒரே கத்தல்.' ஒன்பதாம் நாள் அறிக்கையில் ஒரு கோடு மட்டும் இருந்தது. பேனா பிடித்தபடியே தூங்கியிருக்கிறேன்.

இடையில் ஒரு நாள் காலையில், ஸ்டேஷனுக்குக் கிளம்பும்போது, தண்ணீர்க் குழாய்ப் பக்கம் சைலஸ் அண்ணன் பிடித்துக்கொண்டார். எங்கள் லைன் வீட்டில் பக்கத்துப் போர்ஷன், ரிட்டயர்டு எலக்ட்ரீஷியன். ரெண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். நாங்கள் தும்மினால் அவர் ஆயுசு நூறு என்பார்.

"மனோகரு, இப்ப கொஞ்ச நாளா இன்னா உன் வூட்ல ஒரே குடையா கீது? எனக்கு வசனமே மனப்பாடம் ஆயிடுச்சிபா."

"அதத்தாண்ணா நானும் சொல்றேன். சரக்கு தீந்துபோச்சு அவங்களுக்கு."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஏதோ சொல்ல வந்தார். எனக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. அன்றைய அறிக்கையில் 'அக்கம்பக்கத்தாரும் சலிப்படைந்துள்ளனர்' என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அக்ஷயா பெங்களூரிலிருந்து வந்திருந்தாள். சாட்சிக்கு சைலஸ் அண்ணனையும் கூப்பிட்டேன். ஜெயிக்கும்போது ஆள் இருக்க வேண்டும் அல்லவா. கறிக்குழம்பு வாசனையில் பத்து அறிக்கையையும் நிதானமாகப் படித்தேன். கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பத்தும் ரிஜெக்ட். பத்துமே பன்னெண்டாவது வருஷத்துக்கு அப்பறம் வந்த சரக்கு. பழைய எபிசோடு ஒண்ணுகூட இல்ல" என்றேன்.

அக்ஷயா நோட்டை வாங்கிப் புரட்டினாள். "அப்பா, முதல் நாள் மெதுவுன்னு எழுதியிருக்க. அஞ்சாவது நாள் அவசரம்."

"அது வேற எபிசோடும்மா."

"கரெக்டா பாத்துச் சொல்லு பா."

"வேறதான்."

அம்சவேணி ரிமோட்டை எடுத்தாள். பார்த்தவற்றின் பட்டியலைத் திரையில் கொண்டுவந்தாள். பத்து தேதி இருந்தது. பத்து தேதிக்கும் நேராக ஒரே பெயர் இருந்தது. ரெண்டாவது வருஷம், அஞ்சாவது எபிசோடு, 'யார் குடை?'

நான் டிவி கிட்டே போய் ஒவ்வொரு தேதியாக விரல் வைத்துப் பார்த்தேன்.

"நான் அன்னிக்கே சொல்ல வந்தேன்" என்றார் சைலஸ் அண்ணன். "நீ ட்ரெயினுக்கு ஓடிட்ட."

"இது வந்தப்ப எனக்கு எட்டு வயசு" என்றாள் அக்ஷயா. "நீ சிரிச்சி மூக்கு வழியா காபி வந்துச்சி. மறந்துட்டியா?"

"முழுசாப் போடறேன், பாருங்க" என்றாள் அம்சவேணி. "மத்தியானம்தானே. தூக்கம் வராது."

பார்த்தேன். குப்பாண்டி ஒருவர் குடையைத் தொலைத்து, அதை மறைக்க இன்னொருவர் குடையைக் கொடுக்கிறான். அதை மறைக்க மூன்றாவது. கடைசியில் லாட்ஜில் ஒருவர் கையிலும் சொந்தக் குடை இல்லை. வெளியே மழை. காந்தாமணி பேசாமல் ஒரு பெரிய பாயைக் கொண்டுவந்து எல்லார் தலைக்கு மேலும் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடக்கிறாள். குப்பாண்டிக்கு மட்டும் இடமில்லை, ஓரமாக நனைந்துகொண்டே வருகிறான். பாதி வழியில், அவன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், காந்தாமணி பாயை ஒரு சாண் அவன் பக்கம் நகர்த்துகிறாள். அவ்வளவுதான். முடிந்துவிட்டது.

எனக்குச் சிரிப்பும் வந்தது, வேறு என்னமோவும் வந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

"பத்து நாளும் இந்த இடம் வரும்போது திரும்பிப் பாப்பேன்" என்றாள் அம்சவேணி. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "வாயத் தொறந்துனு தூங்கினு இருப்பீங்க. கரடி கெட்டுப் போவலங்க. பாக்கற ஆளுதான் இல்ல."

சைலஸ் அண்ணன் எழுந்துபோய் ஃப்ரிட்ஜ் மேலிருந்த காகிதத்தை எடுத்து, தூசி தட்டி, என் முன்னால் வைத்தார். பேனாவை அக்ஷயா கொடுத்தாள். நான் கையெழுத்துப் போட்டேன். பெயருக்குக் கீழே பழக்கத்தில் 'சீனியர்' என்று எழுதப்போய், நிறுத்திக்கொண்டேன்.

இப்போது மாலூர். மேஜை ஒரு கால் ஆடுகிறது. ஆனால் ஆறு மணிக்கு வீட்டில் இருக்கிறேன். சுரங்கக் கழிவு மலைபோல் குவிந்த சயனைடு மேட்டின் மேல் வெயில் மஞ்சளாக இருக்கும்போதே வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவது முதல் ரெண்டு நாள் லீவு போட்டதுபோல் பயமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

போன வெள்ளிக்கிழமை, நன்றாக விழித்த கண்ணோடு, காபியும் கையுமாக, கரடி லாட்ஜின் புத்தம் புது எபிசோடை முதல் நொடியிலிருந்து கடைசி நொடி வரைக்கும் பார்த்தேன். ஏதோ மெஷினில் விழுந்து குப்பாண்டி ரெண்டாகிவிடுகிறான். ரெண்டு பேரும் கத்துகிறார்கள். ஏழு விருந்தாளிகள் வந்து பாடுகிறார்கள். கடைசியில் சுற்றுச்சூழல் பற்றி எல்லாரும் வரிசையாக நின்று நமக்கு உபதேசம் செய்கிறார்கள். ஒரு தடவைகூடச் சிரிப்பு வரவில்லை. வராததில் எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை.

அம்சவேணி சாப்பாட்டு மேஜையில் அரைப் பரீட்சை விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

"அம்சா, முழுசாப் பாத்தேன். ஒரு தடவ கூட கண்ண மூடல."

"சரி."

"படு மோசம். நான் அன்னிக்கே சொன்னேன்ல?"

"ஆமா, மோசம்தான்." சிவப்புப் பேனா நிற்கவில்லை.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியாம இன்னா? ஆறாவது வருஷம், பன்னெண்டாவது வருஷம்னு நீங்க சொன்னீங்களே, அதுகூட கிட்டத்தட்ட கரெக்டுதான்."

"அப்பறம் இன்னாத்துக்கு கெட்டுப் போவலன்னு எல்லார் முன்னாடியும் சொன்ன?"

"ஃபாரத்துல கையெழுத்து வேண்டியிருந்துச்சி."

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கேட்டிருக்கக் கூடாது. ஆனாலும் கேட்டேன்.

"அப்ப இத்தன வருஷமா டெய்லி எட்டரைக்கு இதப் போட்டு உக்காந்தியே, அது?"

அடுத்த தாளைப் புரட்டினாள்.

"நான் ஒம்பதாவது வருஷமே பாக்கறத விட்டுட்டேங்க. வேற எதப் போட்டாலும் நீங்க முழிச்சினு குறை சொல்லினு இருப்பீங்க, இதப் போட்டாதான் ஏழு நிமிஷத்துல தூங்குவீங்க."